குழியும் ஊசலும்: போவின் சிறைக்கதையில் உயிர்தப்பும் உள்ளம்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. மேனாட்டு அச்சக் கதைகளைப் படிப்போர் அவற்றுள் பெரும்பாலன முதலாவதாகிய அணங்கினையே பற்றி நிற்பதைக் காண்பர். பேயும், எழுந்து நடக்கும் பிணமும், பாழ்மாளிகையும் அவற்றின் வழக்கமான கருவிகள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ (1809–1849) இவ்வகைக் கதைகளுக்குப் பெயர் பெற்றவர். ஆயின் அவர் எழுதிய ‘குழியும் ஊசலும்’ என்னும் சிறுகதையில் பேய் இல்லை. இயற்கை இகந்த நிகழ்ச்சி ஒன்றேனும் இல்லை. அதன் அச்சம் முழுவதும் நான்காம் நிலைக்களனாகிய இறையினின்று, அஃதாவது தண்டிக்கும் ஆற்றலுடைய அதிகாரத்தினின்று பிறப்பது. இறையால் அச்சம் என்புழித் தவறு செய்தவன் தன் தவறறிந்து அஞ்சுதல் பொருந்தும். இக்கதையின் சிறையாளி செய்த தவறு யாது என்பதோ கதையில் ஓரிடத்தும் கூறப்படவில்லை. அவன் பெயரும் கூறப்படவில்லை.

உயிர்தப்பியோர் கதையைப் படித்து முடித்தவுடன், ‘நம்பிக்கை அவனைக் காத்தது’ என்று கூறுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. போவின் கதை பற்றியும் அவ்வாறே கூறுவாருளர். கதையின் பாடத்தை ஊன்றி நோக்கின் அக்கூற்றுக்கு இடமில்லை என்பதும், நம்பிக்கை அற்ற நிலையில் தோன்றும் ஒருவகை அமைதியே அவனைச் சிந்திக்கச் செய்தது என்பதும் புலனாகும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் கதை தோன்றிய வரலாற்றுச் சூழலைச் சிறிது காண்டல் வேண்டும்.

பிலடெல்பியா நகரில் வெளிவந்த ‘தி கிப்ட்’ என்னும் ஆண்டுமலரின் 1843 ஆம் ஆண்டு இதழுக்காக எழுதப்பெற்று, 1842 இன் இறுதியில் இக்கதை அச்சேறியது. கிறித்துமசு நாளிலும் புத்தாண்டிலும் உற்றார்க்குப் பரிசாக வழங்கும் பொருட்டு அழகிய கட்டமைப்புடன் வெளியிடப்பெற்ற மலர் அது. ஏறத்தாழ நம் தீபாவளி மலர் போன்றது. வாழ்த்தும் காதற்பாட்டும் நிறைந்த அதன் பக்கங்களுக்கிடையே இக்கொடுஞ்சிறை இடம்பெற்றது வியப்பே. போ தாம் நடத்திய இதழில் 1845 இல் இதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்.

கதை நிகழும் இடம் இசுபானிய நாட்டின் டொலிடோ நகரம். இசுபானியச் சமய விசாரணை மன்றமாகிய இன்குவிசிஷன், 1478 இல் போப்பாண்டவர் அளித்த ஆணையால் நிறுவப்பெற்று, 1480 இல் செவில் நகரில் பணி தொடங்கியது. டொலிடோவில் 1485 முதல் அதன் கிளை இயங்கியது. 1808 ஆம் ஆண்டு திசம்பர் 4 ஆம் நாள், மாட்ரிட் நகரின் வாயிலில் பாசறை அமைத்திருந்த நெப்போலியன், சாமார்த்தின் என்னுமிடத்தினின்று விடுத்த ஆணைகளுள் ஒன்றால் அம்மன்றத்தை ஒழித்தார். காடிசு நகரில் கூடிய இசுபானியப் பேரவையும் 1813 இல் அதனை ஒழித்தது. மறு ஆண்டே, அரியணைக்கு மீண்ட ஏழாம் பெர்டினாண்டு அதனை மீட்டமைத்தார். 1820 இல் மீண்டும் ஒழிந்தது. இறுதியாக அதன் பெயரும் அற்றுப்போனது 1834 சூலை 15 இல். ஆகவே போ இதனை எழுதுங்கால், மன்றம் முற்றும் மறைந்து எட்டாண்டுகளே கழிந்திருந்தன. படிப்போர்க்கு அது பழங்கதை அன்று. தம் வாழ்நாளிற் செய்தித்தாளிற் கண்ட பொருள்.

ஊசல் எங்கிருந்து வந்தது? மன்றத்தின் செயலாளராக ஒருகாற் பணியாற்றியவர் யோரெந்தே என்னும் குருவர். நெப்போலியனின் தமையனார் இசுபானியாவை ஆண்டபோது மன்றத்தின் ஆவணங்கள் அவர் பொறுப்பில் வந்தன. பின்னர் அவர் பாரிசு நகரில் 1817–1818 இல் நான்கு தொகுதிகளாக மன்றத்தின் வரலாற்றை வெளியிட்டார். அதன் ஆங்கிலச் சுருக்கம் 1826 இல் இலண்டனில் வந்தது. அச்சுருக்கத்தின் முன்னுரையில் ஒரு செய்தி உண்டு. 1820 இல் மாட்ரிட் நகரச் சிறை திறக்கப்பட்டபோது, மறுநாள் ஊசலாற் கொல்லப்படவிருந்த ஒருவன் அங்கிருந்தான் என்பதும், மல்லாந்து பிணிக்கப்பட்டவன்மீது கூரிய விளிம்புடைய ஊசல் ஒன்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து வரும் என்பதும் அச்செய்தி. போவின் கற்பனைக்கு வித்து இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் ஒப்ப முடிந்தது.

இச்செய்தியை வரலாறாகக் கொள்ளலாகாது. மன்றத்தின் வழக்கேடுகளில் காணப்படும் சித்திரவதை முறைகள் மூன்று: கைகளைப் பின்கட்டிக் கப்பியில் தூக்குதல், துணியை வாயிலிட்டு நீர் பெய்தல், கட்டிலிற் பிணித்துக் கயிற்றை முறுக்குதல். ஊசல் அவற்றுள் இல்லை. மேலும், கொலைத் தண்டனையை மன்றம் தன் கையால் நிறைவேற்றுவதில்லை. குற்றவாளியை நாட்டரசின் அதிகாரிகளிடம் ஒப்படைக்கும். அவர்கள் ஊரறிய எரிப்பர். இருட்சிறையில் மறைவாகக் கொல்லுதல் அம்மன்றத்தின் நடைமுறைக்கே மாறானது. அச்சுறுத்தல் பலர் காண நிகழ வேண்டும் என்பதன்றோ அதன் கொள்கை! 1540 முதல் 1700 வரையிலான ஏறத்தாழ 44,000 வழக்குகளின் சுருக்கங்களை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ந்தோர், அவற்றுள் நேரிற் கொல்லப்பட்டோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு எனக் கண்டனர். தொடக்கத்து ஐம்பது ஆண்டுகளின் கொடுமை இதனினும் மிகுதி என்பதையும் உடன்கூற வேண்டும். யோரெந்தே தந்த எண்ணிக்கைகளோ மிகைப்பட்டவை.

இவற்றை எழுதுவது போவின்மேற் குற்றங்காணற்பொருட்டன்று. வரலாற்றினின்று அவர் எதனைக் கொண்டார், எதனைத் தள்ளினார் என்பதை அறிந்தாலன்றி அவர் நோக்கம் விளங்காது. கூட்டம், ஊர்வலம், தீ, மதக் கொள்கை ஆகிய அனைத்தையும் அவர் தள்ளிவிட்டார். ஓர் அறை, ஒரு மனிதன், ஒரு பொறி: இவ்வளவே எஞ்சியவை. மன்றத்தின் கொடுமையை விளக்குவது அவர் கருத்தாயின், கைக்கெட்டிய வரலாற்றுச் செய்திகளை இங்ஙனம் உதிர்த்திருக்கமாட்டார்.

தனியறையிற் சாவை எதிர்நோக்குவோன் கதை போவுக்குமுன் இல்லாததன்று. எடின்பரோவின் ‘பிளாக்வுட்’ இதழ் அத்தகைய கதைகளை வழக்கமாக வெளியிட்டது. போ அவற்றை 1838 இல் எள்ளி நகையாடி ஒரு கட்டுரைக்கதையும் எழுதினார். எள்ளியவரே அவற்றை நன்கு கற்றிருந்தார் என்பதும் உண்மை. அவ்விதழில் 1830 இல் வந்த மட்போர்டின் ‘இரும்புச் சவச்சீலை’ ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. விவென்சியோ என்னும் சிறையாளி ஏழு சாளரங்களுடைய இரும்பறையில் அடைக்கப்படுகின்றான். நாளுக்கொன்றாகச் சாளரங்கள் குறைகின்றன. அறை சுருங்கிவருகின்றது என்பதனை அவன் உணர்கின்றான். பொறியின் இயல்பு முழுவதும் அவனுக்கு விளங்கிவிடுகின்றது. விளங்கியும் பயனில்லை, நசுங்கி மடிகின்றான். அறிவு அங்கே துன்பத்தை மிகுவிக்கும் கருவி மட்டுமே. சுருங்கும் சுவரைப் போ அக்கதையினின்று பெற்றிருக்கக்கூடும். அறிவுக்கு அவர் தந்த இடம் வேறு.

இனிக் கதைக்குள் புகுவோம். இருளில் விழித்தெழும் சிறையாளி முதலிற் செய்வது அளத்தல். அங்கியின் ஒரு துண்டைக் கிழித்துத் தரையிலிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே அடிகளை எண்ணி நடக்கின்றான். ஐம்பத்திரண்டு அடி நடந்ததும் விழுந்து உறங்கிவிடுகின்றான். எழுந்து மேலும் நாற்பத்தெட்டு அடி நடக்கத் துண்டு கைப்படுகின்றது. ஆக நூறு அடி. இரண்டடிக்கு ஒரு கசம் என வைத்து, அறையின் சுற்றளவு ஐம்பது கசம் என்று முடிவு செய்கின்றான். பின்னர் ஒளி வந்தபோது காண்கின்றான், சுற்றளவு இருபத்தைந்து கசத்துக்கு மேலில்லை. உறங்கி எழுந்தவன் திசை மாறி, வந்த வழியே திரும்பி நடந்திருக்கின்றான்! சாவின் வாயில் நிற்பவன் இப்பிழையைப் பற்றி ஆர்வத்துடன் ஆராய்கின்றான். அறை சிறிதாயினென், பெரிதாயினென் என்று படிப்பவர் கேட்கலாம். அவனும் அவ்வாறே தன்னைக் கேட்டுக்கொள்கின்றான். எனினும் கணக்கை விடவில்லை.

அவனைக் குழியினின்று காத்ததோ இக்கணக்கும் அன்று. அறையின் குறுக்கே நடக்கையில் கிழிந்த அங்கியின் ஓரம் காலிற் சிக்க, குழியின் விளிம்பிலே முகங்குப்புற விழுகின்றான். இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அங்கியைக் கிழித்தது எதற்கு? அளப்பதற்கு. அறிவின் முயற்சி தான் கருதிய வழியில் பயன்படாமல், கருதாத வழியிற் பயன்படுகின்றது. போ இவ்விடத்து எவ்வகை விளக்கமும் தாராது மேற்செல்கின்றார். கதையின் நுட்பமான இடம் இஃதென்பது என் கருத்து.

இனி ஊசல். சிறையாளி ஒரே நீண்ட வாரினால் தாழ்ந்த மரப்பலகையிற் பிணிக்கப்பட்டுள்ளான். இடக்கை மட்டும் தட்டிலுள்ள உணவை எடுத்துண்ணும் அளவுக்குக் கட்டவிழ்ந்துள்ளது. முப்பது நாற்பது அடி உயரத்தில், காலத்தேவன் உருவம் தீட்டிய கூரையினின்று, பிறை வடிவான எஃகு ஊசல் ஆடி இறங்குகின்றது. இப்பகுதியில் அவன் உள்ளம் கொள்ளும் நிலைகளை வரிசைப்படுத்திக் காண்டல் நன்று. முதலில் வெறிகொண்டு, வெட்டு விரைவில் விழட்டும் என்று தன்னைத் தானே மேல்நோக்கி உந்துகின்றான். பின்னர்த் திடுமென அமைதியுற்று, விளையாட்டுப் பொருளைக் காணும் குழவிபோல ஒளிரும் எஃகைப் பார்த்து முறுவலிக்கின்றான். மயங்கித் தெளிகின்றான். எஞ்சிய உணவை வாயிலிடும்போது மகிழ்ச்சியும் நம்பிக்கையும் கலந்த ஓர் எண்ணம் பாதி உருவாகி மறைகின்றது. அதனை நிறைவு செய்ய எவ்வளவு முயன்றும் இயலவில்லை.

அடுத்து வருவது கதையின் மையம். ஊசல் நெஞ்சுக்குமேல் வந்துவிட்டது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அவன் உடல் நடுங்கிச் சுருங்குகின்றது. அந்நடுக்கம் எதனால் என்பதற்கு அவனே விடை கூறுகின்றான்: நம்பிக்கையால். சித்திரவதைக் கட்டிலிற் கிடப்போனையும் விடாமற் பற்றுவது நம்பிக்கை. அதுவே நரம்பைத் துடிக்கச் செய்கின்றது என்பது அவன் கூற்றின் கருத்து. அச்சத்தின் மாற்றாக நாம் கருதும் நம்பிக்கையை அவன் அச்சத்தின் தாயாகக் காண்கின்றான். இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் எஃகு அங்கியைத் தொடும் என்று கண்டவுடன் நம்பிக்கை அறுகின்றது. அக்கணமே, கைவிடப்பட்டோனுக்குரிய கூர்மையான அமைதி அவனிடம் வந்து சேர்கின்றது. பல மணி நேரத்துக்குப்பின், ஒருவேளை பல நாட்களுக்குப்பின், முதன்முறையாகத் தான் சிந்தித்ததாகக் கூறுகின்றான்.

அச்சிந்தனை தெளிவானது. கட்டு ஒரே வார். ஆகவே ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் அவிழும். ஊசலே அதனை அறுக்குமோ? தலையைத் தூக்கிப் பார்க்கின்றான். ஊசலின் வழியில் மட்டும் வார் இல்லை. அமைத்தவர் அத்துணை எச்சரிக்கையுடையர். இவ்வழி அடைந்தவுடன், முன்பு பாதியில் மறைந்த எண்ணத்தின் மறுபாதி விளங்கிவிடுகின்றது. காரமிட்ட இறைச்சியின் எச்சத்தை வாரில் எட்டுமிடமெல்லாம் பூசி, அசையாது கிடக்கின்றான். குழியினின்று எழுந்து அவன் உணவைக் கவர்ந்துவந்த எலிகள் நூற்றுக்கணக்கில் அவன்மீதேறி வாரைக் கடிக்கின்றன. ஊசல் அங்கியை அறுத்து, உள்ளாடையையும் அறுத்து, தசையைத் தீண்டும் வேளையில் வார் அறுகின்றது. அச்சத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய விலங்கு இங்கே விடுதலைக் கருவியாக மாறியது.

நம்பிக்கையோடு தோன்றியதன்றோ அவ்வெண்ணத்தின் முதற்பாதி என ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை தக்கதே. ஆயினும் நம்பிக்கை நிலவிய வேளையில் அவ்வெண்ணம் நிறைவுறவில்லை. நிறைவு செய்ய முயன்ற முயற்சியே அதனைக் கலைத்தது. மறுபாதி வந்ததும், செயலிலே புகுந்ததும் நம்பிக்கை இழந்தோனின் வேகத்தால் என்றே பாடம் கூறுகின்றது.

இது தற்செயலாய் அமைந்ததன்று என்பதற்கு முந்தைய ஆண்டாகிய 1841 இல் போ வெளியிட்ட ‘மேல்சுட்ரோம் சுழியில் இறக்கம்’ சான்றாகும். நார்வே நாட்டு மீனவன் ஒருவன் தன் அண்ணனோடும் படகோடும் கடற்சுழியில் அகப்படுகின்றான். இனி நம்புவதற்கு ஏதுமில்லை என்று உறுதி செய்துகொண்டதும் அச்சம் பெரும்பாலும் நீங்கிற்று என்கின்றான் அவன். அச்சம் நீங்கிய இடத்தில் ஆர்வம் புகுகின்றது. சுழியில் இறங்கும் பொருள்களை நோக்குகின்றான். உருளை வடிவான பொருள்கள் மெல்ல இறங்குவதைக் காண்கின்றான். நீர்ப்பீப்பாயில் தன்னைப் பிணித்துக் கடலிற் குதித்துத் தப்புகின்றான். படகின் வளையத்தை விடாது பற்றியிருந்த அண்ணன் மாண்டான். பற்றியிருந்தவன் மாள, விட்டவன் பிழைத்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம்பிக்கைக்கும் கையறவுக்கும் இடையே ஆடுதலையே போ பெருந்துன்பமாகக் கண்டார் என்பதற்கு அவர் வாழ்க்கையும் துணைநிற்கும். 1842 சனவரியில் அவர் மனைவி வர்சீனியா பாடிக்கொண்டிருந்தபோது குருதிக்குழாய் வெடித்தது. நோய் தணிவதும் மீண்டும் மூள்வதுமாக ஐந்தாண்டுகள் கழிந்து, 1847 சனவரியில் அவர் இறந்தார். மறு ஆண்டு நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், நம்பிக்கைக்கும் கையறவுக்கும் இடைப்பட்ட முடிவிலா ஊசலாட்டத்தைத் தம்மால் அதற்குமேல் தாங்கியிருக்க இயலாது எனப் போ குறித்தார். ‘மனம் ஊசலாடுகின்றது’ என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடரின் முழுப்பொருள் அங்கே உள்ளது. கதை கடிதத்துக்கு ஐந்தாண்டு முந்தியது. ஆதலின் ஒன்றை மற்றொன்றின் விளக்கமாகக் கொள்ளுதல் மிகையாகும். நோயின் முதலாண்டில் எழுதப்பட்ட கதையில் ஊசல் கொல்லும் கருவியாயிற்று என்ற அளவில் நிற்போம்.

கையறவு அமைதி தரும் என்பது கதைக்குப் பொருந்தும். மெய்யான சிறைக்குப் பொருந்துமா? இவ்வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. நம் நாட்டிலேயே இத்தகைய மன்றம் இருந்தது. போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் 1560 முதல் 1812 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, அது இயங்கியது. டெல்லோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1674 முதல் 1676 வரை அங்கே சிறையிருந்து, பின்னர் விடுதலையாகி, 1687 இல் தம் துன்பத்தை நூலாக வெளியிட்டார். குற்றம் இன்னதெனக் கூறாமல், அதனை நீயே நினைந்து ஒப்புக்கொள் என்று வற்புறுத்தும் முறையை அவர் விவரிக்கின்றார். போவின் சிறையாளியின் பெயரற்ற குற்றம் வரலாற்றோடு பொருந்துவது இவ்வோர் இடத்திலேதான். டெல்லோனும் கையறவின் எல்லையை எய்தினார். ஆயின் அவர்க்கு அங்கே கிட்டியது கூர்மையான அமைதியன்று; தம் உயிரைத் தாமே மாய்க்க முயன்றார். காவலர் கண்டு காப்பாற்றினர். கையறவு சிந்தனையைக் கூராக்கும் என்பது எல்லா மனத்துக்கும் உரிய விதியன்று என்பதை இச்சான்று காட்டுகின்றது. செய்தற்கு ஏதேனும் ஒன்று, ஒரு வாரோ ஒரு பீப்பாயோ, கண்முன் இருந்தாலன்றி அவ்வமைதி பயன் தராது. கோவாச் சிறையின் நான்கு சுவரில் அத்தகையது ஒன்றும் இல்லை. போ தம் கதைமாந்தர்க்கு அதனை அளித்தார். அளிக்கும் உரிமை கதையாசிரியர்க்குண்டு.

போவும் இதனை முற்றும் மறந்தாரல்லர். ஊசலினின்று தப்பியவனைச் சுவர்கள் பழுக்கக் காய்ந்து, சாய்சதுரமாக நெருங்கி, குழிநோக்கித் தள்ளுகின்றன. இம்முறை அளப்பதற்கு நேரமில்லை, உதவ எலியுமில்லை. அவன் கதறுகின்றான். வீழும் தறுவாயில் ஒரு கை நீண்டு அவனைப் பற்றுகின்றது. பிரெஞ்சுப் படைத்தலைவர் லசாலின் கை அது. படை டொலிடோவினுள் புகுந்துவிட்டது. திறனாய்வாளர் பலர் இம்முடிவை வலிந்து புகுத்தியதென்பர். கட்டமைப்பை மட்டும் நோக்குவார்க்கு அது குறையே. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனிமனிதன் அறிவு இருமுறை வென்று, மூன்றாம் முறை தோற்கின்றது. தோற்றபின் வருவது பிறன் கை. அறிவே போதும் என்றோ, வரலாறே காக்கும் என்றோ கதை கூறவில்லை.

அக்கை யாருடையது என்பதிலும் ஒரு முரண் உண்டு. கதையின் தலைப்பில் போ ஒரு இலத்தீன் செய்யுளை வைத்தார். பாரிசில் யாக்கோபியர் கழகம் இருந்த இடத்தில் எழவிருந்த அங்காடியின் வாயிலுக்காக இயற்றப்பட்டது அச்செய்யுள் என்றும் குறித்தார். அவர் கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்த போதலேர், அவ்வங்காடிக்கு வாயிலும் இல்லை, கல்வெட்டும் இல்லை என்று பின்னர் எழுதினார். செய்யுள் பழிப்பது பிரெஞ்சுப் புரட்சியின் கொலைஞர்களை. கதையின் முடிவில் மீட்பதோ அப்புரட்சி ஈன்ற படை. வாயிலில் கொலைஞராக நின்றவர் வழியினரே உள்ளே மீட்பராக வருகின்றனர். லசால் 1809 சூலையில் வாக்ராம் போர்க்களத்தில் வீழ்ந்தார். அவர் படை ஒழித்த மன்றம் 1814 இல் உயிர்பெற்றது. மீட்கப்பட்டவன் அப்போதும் டொலிடோவில் இருந்தானாயின் மீண்டும் அகப்பட்டிருத்தல் கூடும்.

அவன் எங்குச் சென்றான் என்பதைக் கதை கூறவில்லை. ஆனால் அவன் பிழைத்தான் என்பது முதற்பத்தியிலேயே தெரிந்துவிடுகின்றது. தீர்ப்பு வழங்கிய கருப்பங்கி நடுவர்களின் உதடுகளை நினைவுகூரும் அவன், அவை தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் தாளினும் வெளிறியிருந்தன என்கின்றான். நடுவர் மேசையில் எரிந்த ஏழு மெழுகுதிரிகளும் முதலில் தன்னைக் காக்க வந்த தேவதைகளாகத் தோன்றிப் பின்னர்ப் பொருளற்ற உருவங்களாக மாறியதும் அவன் நினைவில் உள்ளன. தாளும் எழுதுகோலும் அவன்முன் இருக்கின்றன. அப்போதும் அவன் அடிகளின் கணக்கை மறக்கவில்லை: ஐம்பத்திரண்டு, பின்னர் நாற்பத்தெட்டு.